முதுகில் இருக்கிறது கோணம்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வீட்டு வரிசைகளுக்கு நடுவிலேயே பட்டறைகள் இருக்கின்றன. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைத்தன. சில உதிரிபாகம் கடைந்து தருகின்றன, சில அச்சு செய்கின்றன, சில வெட்டுக்கருவிகளுக்குச் சாணை பிடித்துக் கொடுக்கின்றன. மைக்ரான் என்ற சொல் இங்கே டீக்கடைப் பேச்சிலும் புழங்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. தேய்ந்த மில்லிங் கட்டர் ஒன்று சாணைக்கு வந்தால், அதைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கைத்தான் முதலில் சரிபார்ப்பார்கள். கோணம் ஜிக்கில் பிசகினால் எவ்வளவு நல்ல சாணைச் சக்கரமும் பயன்படாது.

மடக்குச் சவரக்கத்தியோ கோணத்துக்காக வெளியிலிருந்து ஜிக் எதையும் கேட்பதில்லை. அதைக் கல்லின் மேல் தட்டையாகப் படுக்க வைத்தால் இரண்டே இடங்கள் கல்லைத் தொடும்: தடித்த முதுகும், மெல்லிய வாயும். இடையில் இருக்கும் பகுதி கல்லைத் தொடாமல் நிற்கும். முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து வாயின் கோணத்தை முடிவு செய்துவிடுகின்றன. அகலம் 18 மில்லிமீட்டர், முதுகு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதுகில் பாதி 2.5. அதை 18ஆல் வகுத்தால் 0.139. பள்ளிக்கூடத்து சைன் அட்டவணையில் அது 8 டிகிரி. இரண்டு பக்கமும் சேர்த்து 16 டிகிரி. நம் வீட்டுக் காய்கறிக் கத்தியின் வாய் பெரும்பாலும் இதைப்போல் இருமடங்கு கோணத்தில் இருக்கும்.

எனக்கு இந்தக் கருவியின் மேல் மதிப்பு கூடியது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான். தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து அகலம் குறைகிறது. கூடவே முதுகும் கல்லில் தேய்ந்து தடிமன் குறைகிறது. அகலம் 17 ஆகும்போது முதுகு ஏறக்குறைய 4.7க்கு இறங்கியிருந்தால் கோணம் மாறாது. இரண்டும் ஒரே கல்லில், ஒரே இழுப்பில் தேய்வதால் இது தானாகவே நடக்கிறது. தாத்தா தீட்டிய கோணத்தில்தான் பேரனும் தீட்டுகிறான். இருவருமே கோணத்தை அளந்திருக்க மாட்டார்கள்.

பழைய கத்தி ஒன்று கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். வெர்னியர் காலிப்பரை எடுத்து முதுகையும் அகலத்தையும் மூன்று இடங்களில் அளந்து கணக்குப் போடுங்கள். 15 டிகிரிக்கும் 18க்கும் இடையே வந்தால் கத்தி உயிரோடு இருக்கிறது. அதைவிடக் கூடுதலாக வந்தால் யாரோ வாயை மட்டும் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் சுழலும் சாணையில். முதுகில் பளபளக்கும் தட்டைப் பட்டை ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருந்தால், முன்பு வைத்திருந்தவர் ஒரு பக்கமாக அழுத்தித் தீட்டும் பழக்கம் உள்ளவர். முதுகு தேயாமல் இருக்கச் சிலர் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டுகிறார்கள். ஒரு சுற்று டேப் கோணத்தை ஏறக்குறைய ஒரு டிகிரி கூட்டும். அதனால் தவறில்லை, ஒட்டினால் எப்போதும் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கோணம் கத்தியின் வடிவத்தைச் சொல்கிறது. சவரம் செய்வதோ அந்த இரண்டு சரிவுகளும் சந்திக்கும் கோடு. நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் வளைவு ஆரம் 0.1 மைக்ரான் அளவில் இருக்கும். தாடி முடி ஒன்றின் விட்டம் சுமார் 100 மைக்ரான். அதாவது, வெட்டப்படும் பொருளைவிட வெட்டும் முனை பல நூறு மடங்கு மெல்லியது. ஒளியின் அலைநீளமே 0.4 முதல் 0.7 மைக்ரான் என்பதால் நல்ல வாயைச் சாதாரண நுண்ணோக்கியிலும் முழுதாகப் பார்க்க முடியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது வாயில் வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கல். ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அங்கே ஒரு பரப்பு உருவாகிவிட்டது என்று அர்த்தம். நல்ல வாய் கண்ணுக்குத் தெரியாது.

முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. பிறகு முடியை வெட்டி எஃகு ஏன் மழுங்க வேண்டும்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செம் தசான் தலைமையிலான குழு இதை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்துச் சோதித்தது. முடிவுகள் 2020 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. வாய் சீராகத் தேய்ந்து உருண்டைப்படுவதைவிட, துணுக்குத் துணுக்காகப் பெயர்வதே பெரிதாக நடக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். முடி நேராக நிற்காமல் வளைந்து கொடுக்கிறது. வளைந்த முடி வாயைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வாயில் ஏற்கனவே நுண்ணிய பிளவோ மேடுபள்ளமோ இருந்து, அதன் இரு பக்கமும் எஃகின் உள்ளமைப்பு வேறுவேறாக இருந்து, முடியின் ஓரமும் சரியாக அங்கே வந்து விழுந்தால் ஒரு துணுக்கு பெயர்ந்துவிடும். அவர்கள் சோதித்தது இன்றைய துருப்பிடிக்காத பிளேடை. இருந்தாலும் பழைய கத்திக்காரர்கள் அனுபவத்தில் சொல்லிவந்த மூன்று விஷயங்களுக்கு இதில் காரணம் கிடைக்கிறது: முடியை ஊறவை, தோலை இழுத்துப் பிடி, வாயில் பிசிறு விடாதே. முதல் இரண்டும் முடி வளைந்து வாயைத் தள்ளுவதைக் குறைக்கும். மூன்றாவது, பிளவு தொடங்க இடம் கொடுக்காது.

இவ்வளவு மெல்லிய வாய் மடியாமல் நிற்க எஃகு அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். சவரக்கத்தி எஃகில் கார்பன் 1 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். அதைச் சிவக்கக் காய்ச்சும்போது இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, இடைவெளிகளில் கார்பன் புகுந்துகொள்கிறது. அந்த நிலையில் திடீரென்று குளிர்வித்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைக்காது. அடுக்கு இழுபட்ட நிலையிலேயே உறைந்துவிடும். ஜெர்மன் உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸ் பெயரால் அந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பார்கள். தோய்ச்சல் முடிந்த கத்தி கண்ணாடியாக நொறுங்கும். அதனால் மறுபடி மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். சுத்தமாகத் தேய்த்த எஃகைச் சூடாக்கும்போது மேலே ஆக்சைடு படலம் வளர்கிறது. படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் தோன்றுகிறது. 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெளிர் வைக்கோல் நிறம். சவரக்கத்திக்கு அங்கே நிறுத்த வேண்டும். 300ஐ நெருங்கினால் நீலம் வந்துவிடும். நீலம் சுருள்வில்லுக்கு நல்லது, சவரக்கத்தி வாய்க்கு ஆகாது. பட்டறைகளில் வெப்பமானி இல்லாத காலத்தில் நூறு ஆண்டு நிலைக்கும் கத்திகளைக் கண்ணால் மட்டுமே பார்த்துப் பதப்படுத்தினார்கள். இன்று ஓசூர் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் ராக்வெல் கருவி 60ஐ ஒட்டிக் காட்டினால் திருப்தி. நல்ல பழைய கத்தியும் அதே எண்ணை ஒட்டித்தான் நிற்கும்.

தெருவில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவரிடம் பழைய சவரக்கத்தியைக் கொடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வதற்கு இந்த நிறக் கணக்கே காரணம். அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் வேலை பொருத்தமானது. சவரக்கத்தியின் வாயில் வெப்பத்தைத் தாங்கி வாங்க உலோகமே கிடையாது. பொறி பறக்கும் அந்த ஒரு நொடியில் வாய் நீலத்தைத் தாண்டிவிடும். போன பதத்தை எந்தக் கல்லும் திருப்பித் தராது.

இனி அந்த எஃகு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கிருஷ்ணகிரி மாவட்டத்து வாசகருக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பழைய ஆங்கிலக் கத்திகளின் வால் பகுதியில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரை இருக்கும். மூசையில், அதாவது உருக்கும் கலத்தில், உருக்கிய எஃகு என்று பொருள். ஐரோப்பாவில் அந்த முறையை நிலைநிறுத்தியவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன். கடிகாரம் செய்பவர். கடிகாரச் சுருளுக்குச் சீரான எஃகு கிடைக்காமல் 1740களில் ஷெஃபீல்டு அருகே தானே உருக்கத் தொடங்கினார். தென்னிந்தியாவில் மூசை எஃகு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய தடயங்கள் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்த இடத்தை 1990களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதினார். இரும்பின் தொன்மை என்று பார்த்தால் நம் மாவட்டமே முன்னால் வருகிறது. பர்கூர் அருகே மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரியின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. அதைவிடப் பழைய தேதிகள் 2025இல் சிவகளையிலிருந்து வந்துவிட்டன. என்றாலும் பர்கூர் பக்கத்துக் குன்றுகளில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு புழங்கியது என்ற செய்தி சிறியதாகிவிடவில்லை.

நம் மூசை எஃகுக்கும் சவரக்கத்திக்கும் நேரடித் தொடர்பு லண்டனில் ஏற்பட்டது. 1794 வாக்கில் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர், ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு, ஊட்ஸ் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட இந்த மூசை எஃகின் கட்டிகளை அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து 1795இல் கட்டுரை வாசித்தார். அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டின் கைக்கும் அந்த எஃகு போனது. அவர் அதில் மயங்கிப்போனார். பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தபின் ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய எஃகையே தாம் விரும்புவதாகக் கடை விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். பிறகு அவர் கூட்டுச் சேர்ந்த இளைஞர் ஒரு கொல்லரின் மகன், மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத்தில் பெயர் பெறுவதற்கு முன் ஃபாரடே ஆண்டுக்கணக்கில் எஃகோடு போராடியது பலருக்குத் தெரியாது. 1819இல் ஊட்ஸைப் பகுப்பாய்வு செய்து வெளியிட்டார். பிறகு இருவரும் எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று கலந்து உருக்கிப் பார்த்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் எழுதினார்கள். அந்தக் கலவைகளில் சவரக்கத்தி அடித்து நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார் ஃபாரடே.

ஊட்ஸின் ரகசியம் அதில் கலந்த அலுமினியத்திலும் சிலிக்காவிலும் இருப்பதாக ஃபாரடே முடிவுகட்டினார். அது சரியில்லை. வெள்ளி விஷயத்தில் அவர் கண்டது சரி: 500இல் ஒரு பங்குக்கு மேல் வெள்ளியை எஃகு ஏற்காது, மீதி துளித்துளியாக வெளியே வந்துவிடும். அந்த ஆராய்ச்சிக்குப் பின் ஷெஃபீல்டுக் கத்திகளில் ‘சில்வர் ஸ்டீல்’ முத்திரை ஒரு கௌரவமாகப் பரவியது. காலப்போக்கில் வெள்ளி போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று ஓசூர் டூல் ரூம்களில் பின்னும் பஞ்சும் செய்ய வாங்கும் சில்வர் ஸ்டீல் கம்பியில் ஒரு துளி வெள்ளியும் கிடையாது. ஃபாரடே விட்டுச்சென்ற எஃகுத் துண்டுகள் ஒரு மரப்பெட்டியில் தூங்கின. நூறாண்டு கழித்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு அந்த 79 துண்டுகளையும் ஆராய்ந்து 1931இல் ஒரு நூலாகவே எழுதினார்.

சேலத்தின் பங்கு வேறு வழியாக வருகிறது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. சேலத்தில் கும்பினி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், உள்ளூர்க் கொல்லர்கள் எஃகு செய்வதைக் கூர்ந்து பார்த்தார். சிறு மண் மூசையில் இரும்புத் துண்டு, உலர்ந்த ஆவாரை விறகு, மேலே ஓரிரு எருக்கிலை. களிமண்ணால் வாயை அடைத்து உலையில் வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் எஃகு. விறகும் இலையும் கார்பனைக் கொடுத்தன. வேலியோரத்துச் செடிகளில் இருந்தது அந்த வேதியியல். ஹீத் வேலையை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவைக் கரி கொண்டு உருக்கி இரும்பை ஷெஃபீல்டுக்குக் கப்பலில் அனுப்பினார். ஆலை நொடித்தது. இங்கிலாந்து திரும்பிய அவர், மூசையில் மாங்கனீசு சேர்த்தால் எஃகு நன்றாக அடிபடும் என்று கண்டு 1839இல் காப்புரிமை வாங்கினார். மாங்கனீசு, எஃகில் இருக்கும் கந்தகத்தைத் தன்னோடு கட்டிப்போடுகிறது. அதனால் சூட்டில் அடிக்கும்போது எஃகு வெடிப்பதில்லை. விலை கூடிய ஸ்வீடன் இரும்பை மட்டுமே நம்பியிருந்த ஷெஃபீல்டுக்கு இது பெரிய விடுதலை. ஆலைக்காரர்கள் காப்புரிமையின் வாசகத்தைச் சுற்றிக்கொண்டு, மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் தனித்தனியாக மூசையில் போட்டு அதே பலனை எடுத்தார்கள். ஹீத் வழக்கு நடத்தியே ஓய்ந்துபோனார். அவர் இறந்தபின் 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருக்கு நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவர் யாரிடம் கற்றாரோ அந்தச் சேலத்துக் கொல்லர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் வரவேயில்லை. அது இன்னும் பெரிய அநியாயம்.

ஆனால் பழைய ஷெஃபீல்டுக் கத்திகளெல்லாம் நம் எஃகால் ஆனவை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலானவை ஸ்வீடன் இரும்பில் பிறந்தவை. ஊட்ஸ் சவரக்கத்திக்கு உகந்ததா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன் 1990களில் காட்டியபடி, ஊட்ஸ் வாளில் தெரியும் அலையலையான கோலத்துக்குக் காரணம் வரிசையாக அடுக்கிய இரும்புக் கார்பைடுத் துகள்கள்; அந்த வரிசையை உண்டாக்குவது தாதுவில் வந்த மிகச் சிறிதளவு வனேடியம் முதலான கலப்புகள். வாளுக்கு அந்தத் துகள்கள் பலம். வாயே 0.1 மைக்ரான் என்று மெலிந்த இடத்தில், பல மைக்ரான் பருமனுள்ள துகள் ஒன்று பெயர்ந்தால் பெரிய பொத்தல் விழும். நுண்ணிய, சீரான எஃகே இங்கே தேவை. ஸ்டோடார்ட் தன் பட்டறையில் ஊட்ஸைப் பொறுமையாகக் குறைந்த சூட்டில் அடித்து அடித்து அந்தத் துகள்களை உடைத்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

எஃகு வேண்டுமானால் ஸ்வீடனிலிருந்து வந்திருக்கலாம். அதைத் தீட்டும் பொருளில் நம் மண்ணின் உரிமை வலுவானது. வைரத்துக்கு அடுத்த கடினம் உள்ள குருந்தக்கல் பழைய சேலம் மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி முதலிய இடங்களில் கிடைத்தது. அதைத் தூளாக்கி அரக்கில் பிசைந்து சக்கரமாக வார்ப்பதுதான் நம் பழைய சாணை. இந்தக் கல்லைப் பற்றி சார்லஸ் கிரெவில் 1798இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். வேதியியலில் அது அலுமினியம் ஆக்சைடு. இன்றைய சாணைச் சக்கரங்களிலும் தீட்டுகற்களிலும் பெரும்பகுதி மின்னுலையில் செய்த அதே பொருள்தான்.

மூக்கண்டப்பள்ளிக்கு அருகே சிப்காட்டில் 1980களிலிருந்து இயங்கும் வென்ட் இந்தியா நிறுவனம், வைரமும் கனசதுர போரான் நைட்ரைடும் பதித்த சக்கரங்களைச் செய்கிறது. உலகிலேயே கடினமான பொருள் வைரம். இருந்தும் எஃகை வேகமாகத் தேய்க்க அதை எடுக்க மாட்டார்கள். வைரம் முழுக்கக் கார்பன். சூடேறிய இரும்பு கார்பனைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். மூசையில் எருக்கிலைக் கார்பனை இரும்பு குடித்ததே, அதே பசி. அதனால்தான் கடினப்படுத்திய எஃகுக்குப் போரான் நைட்ரைடு. 1957இல் ராபர்ட் வென்டார்ஃப் முதலில் உருவாக்கிய, இயற்கையில் மிக அரிதான பொருள். வீட்டில் கையால் தீட்டும்போது சூடே ஏறுவதில்லை என்பதால் வைரத்தகடு தாராளமாக உதவும்.

வீட்டில் தீட்டும் முறை பொறுமையைத்தான் கேட்கும். 1000 எண் கல்லில் துகள் சுமார் 15 மைக்ரான். சரிவுகளைச் சந்திக்க வைப்பது அதன் வேலை. சந்திக்காமல் மேற்கொண்டு எந்தக் கல்லுக்குப் போனாலும் வீண். கத்தி வாங்கிய பலர் தோற்பது இந்த முதல் கல்லில்தான், கடைசிக் கல்லில் அல்ல. பிறகு 5000, அதன்பின் 2 மைக்ரான் அளவுத் துகளுள்ள 8000, விரும்பினால் 12000. ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லின் கீறலை அழித்துத் தன் கீறலைப் போடுகிறது. இரண்டு பக்கக் கீறல்களும் சந்திக்கும் இடத்தில் வாய் ரம்பமாக இருக்கும். கீறல் சிறுக்கச் சிறுக்க ரம்பப்பல் மறையும். கத்தியின் எடையைவிடச் சற்றே கூடிய அழுத்தம் போதும். கடைசியில் அரை மைக்ரான் குரோமியம் ஆக்சைடு தடவிய துணியில் சில இழுப்பு, பிறகு வெறும் தோல் வார்.

தோல் வாரில் இழுக்கும்போது முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். கல்லில் இதற்கு நேர்மாறு. திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்டித் திருப்பினால் வாய் தோலில் குத்தாது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன் சில டஜன் இழுப்பு. முன்பின்னாக மடிந்த நுண்ணிய ஓரங்கள் ஒழுங்காகி, ஈரத்தில் படிந்த ஆக்சைடும் போகும். இதை ஒழுங்காகச் செய்பவர் மாதக்கணக்கில் கல்லைத் தொட வேண்டியதில்லை.

சவரத்தில் பாதி வேலை தண்ணீருடையது. முடி கெரட்டின் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து தளர்த்துகிறது. நனைந்த முடி 15 சதவீதம் வரை பருக்கிறது. வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. இதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். குளித்தபின் சவரம் செய்வது நல்லது என்பதற்கு இதுவே காரணம். சோப்பு நுரை வழுக்கலைத் தருவதோடு தண்ணீரை முடியில் தங்கவும் வைக்கிறது. இங்கேதான் கிருஷ்ணகிரிப் பாறைகளுக்கு இடையே ஊறும் ஆழ்துளைக் கிணற்று நீர் தொல்லை தரும். அதில் கரைந்த கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும்; நுரை நிற்காது. நுரைக்கு மட்டும் ஒரு தம்ளர் கேன் தண்ணீரோ மழைநீரோ எடுத்துக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

சுருள் தாடி உள்ளவர்களுக்கு இந்தக் கத்தி ஒரு மருத்துவ நன்மையும் செய்கிறது. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முடி தோலுக்குக் கீழே பின்வாங்கி, வளைந்து, தோலுக்குள்ளேயே வளர்ந்து கட்டியாகும். ஒற்றை வாய் தோல் மட்டத்தில் வெட்டி நிறுத்துவதால் அது குறையும். நம் ஊரில் கழுத்தில் கரும்புள்ளியும் கட்டியுமாகத் திரியும் எத்தனையோ இளைஞர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

சலூன்களில் இந்தக் கத்தி மறைந்ததற்குச் சரியான காரணம் உண்டு; அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1986இல் சென்னையில் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் விழிப்புணர்வு பரவ, ஆளுக்கொரு புதிய பிளேடு என்ற வழக்கம் சலூன்களில் நிலைத்தது. பிளேடை இரண்டாக உடைத்து, பாதியைச் செருகும் கத்தி வந்தது. உண்மையில் சவரக்கத்தியில் எச்ஐவியைவிடப் பெரிய ஆபத்து ஹெபடைடிஸ் பி. அந்த வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். தோல் வாரையும் கல்லையும் கொதிக்க வைக்க முடியாது. ஆகவே தீட்டிப் பயன்படுத்தும் கத்தி ஒருவருக்கு மட்டுமே உரியது. அண்ணன் தம்பிக்குள்ளும் பகிரக் கூடாது. நாவிதர்களின் கையில் இருந்த தீட்டும் கலையை நாம் இழந்ததுதான் வருத்தம். கட்டி அறுப்பது முதல் பிரசவம் பார்ப்பது வரை ஊருக்கு மருத்துவம் செய்த குடும்பங்கள் அவை. வாயின் பதத்தை விரல் ரேகையால் தொட்டே அறிந்தவர்கள். வயதான முடிதிருத்துநர் யாராவது உங்கள் பகுதியில் இருந்தால் போய்க் கேளுங்கள். அவரிடம் ஒரு மணி நேரம் கற்பதற்கு எந்த நூலும் ஈடாகாது.

பழைய கத்தி வாங்குவோருக்குச் சில அடையாளங்கள். ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்திகளில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கும். கூடவே இருக்கும் அரசர் பெயரெழுத்து காலத்தைச் சொல்லும். ‘ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1887க்குப் பிந்தைய சோலிங்கன் சரக்கு. அந்த ஆண்டு பிரிட்டன் சட்டம் போட்டு வெளிநாட்டுப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்க வைத்தது. ஷெஃபீல்டுக்காரர்களின் முறையீடும் அதற்கு ஒரு காரணம். சோலிங்கன் பட்டறைகள் பக்கங்களைக் குழிவாகக் கடைந்து கத்தியை மெல்லியதாக்கின. பழைய ஆங்கிலக் கத்திகள் ஆப்பு வடிவில் கனமானவை. அடர்ந்த தாடிக்கு ஆப்பு வடிவம் அசையாமல் நிற்கும். தீட்டுவதற்குக் குழிவானது எளிது. தொடங்குபவருக்கு நான் குழிவானதையே சொல்வேன்.

தந்தப் பிடியுள்ளதை வாங்க வேண்டாம். 1986, 1991 திருத்தங்களுக்குப் பிறகு இந்தியாவில் தந்த வணிகம் குற்றம். செல்லுலாய்டு பிடியை முகர்ந்து பாருங்கள். அது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். வயதாகும்போது சிதைந்து நைட்ரிக் அமில ஆவியை விடும். கற்பூர வாடைக்குப் பதிலாகக் காரமான நெடி வந்து, பிடிக்குள் மடங்கும் பகுதியில் மட்டும் கத்தி துருவேறியிருந்தால் காரணம் அதுதான். பிடியை உடனே மாற்றுங்கள். அந்தப் பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

துரு பக்கங்களில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாயை ஒட்டி இருந்தால் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். குழி வாய்வரை ஓடியிருந்தால், அந்தக் குழியைத் தாண்டும்வரை தேய்க்க வேண்டும். சில சமயம் ஒரு மில்லிமீட்டர் போகும். அவ்வளவு அகலம் இருக்கிறதா, முதுகு அதற்கு ஈடுகொடுக்குமா என்று மறுபடி அதே கணக்கைப் போட்டபின் விலை பேசுங்கள். வாங்கியபின், முதல் சில வாரங்கள் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோலுக்கும் கத்திக்கும் இடையே 30 டிகிரி, முடி வளரும் திசையில், எடையே இல்லாத கையோடு. மோவாயும் மேலுதடும் பிறகு. முடிந்ததும் முகத்துக்குப் படிகாரம். கத்திக்கு உலர்ந்த துணி, தோல் வாரில் நாலு இழுப்பு, மழைக்காலமானால் துளி எண்ணெய். பிடிக்குள் மடக்குவதற்கு முன் ஒரு மணி நேரம் திறந்தே உலரட்டும்.